அத்தைக்கு அளவெடுத்த மேசை

என் அத்தை 40 ஆண்டுகளுக்கும் மேலாக ஊராருக்கு அளவெடுத்தவர். பெங்களூரு அல்சூரில் சோமேசுவரர் கோயிலை ஒட்டிய சந்து ஒன்றில், பத்தடிக்குப் பதினோரடி உள்ள முன்னறையில் ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறார். அவரை யாரும் அளவெடுத்துப் பார்த்ததில்லை. அவர் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை நான் கேட்டு வாங்கி, நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, இருக்கையிலிருந்து முழங்கை வரை, தொடையின் மேற்பக்கம் வரை என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொண்டபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பணிவு இரண்டாவது அளவு வரைக்கும்தான் நீடித்தது. "டேப்பை அப்படி இழுத்துப் பிடிக்காதடி, அளவு பொய் சொல்லும்" என்றார்.

மேசை வேண்டும் என்று அவர் ஒருபோதும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டவர், மூட்டுத் தேய்மானம் முற்றி, இனிமேல் தரையில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். அது கை தவறிக் கவிழ்ந்ததும், தையல் இயந்திரத்தைப் பலகைக்குள் இறக்கி மடக்கிவிட்டு அதன்மேல் தட்டை வைத்துக்கொண்டார். தைப்பதும் உண்பதும் ஒரே பலகையில் என்றான பின் நடக்க வேண்டியது நடந்தது. வாடிக்கையாளர் ஒருவருடைய பட்டு ரவிக்கைத் துணியில் சாம்பார் சொட்டி, மிளகளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளி விழுந்தது. அத்தை அதற்கு ஈடாகப் புதுத் துணி வாங்கிக் கொடுத்துவிட்டார்; ஆனால் அடுத்த ஒரு வாரத்துக்கு அவர் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார் என்று பக்கத்து வீட்டு அக்கா தொலைபேசியில் சொன்னபோது, வார இறுதிகளில் விளையாட்டாகப் பழகிக்கொண்டிருந்த தச்சு வேலையை எதற்குப் பயன்படுத்துவது என்பது எனக்கு முடிவாகிவிட்டது.

முதலில் கடைகளில்தான் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் விற்கும் சாப்பாட்டு மேசைகள் ஏறக்குறைய எல்லாமே 30 இஞ்சு உயரம், கூட வரும் நாற்காலிகளின் இருக்கை 18 இஞ்சு. இந்தக் கணக்கு நம் வீட்டுக் கிழவிகளை மனத்தில் வைத்துப் போட்டதில்லை. அத்தை நாலடி ஒன்பது அங்குலம். முப்பது இஞ்சு மேசையின் முன்னால் அவரை உட்கார வைத்தால் கால் தரையில் பாவாது, தட்டு நெஞ்சு உயரத்தில் நிற்கும். கரண்டியால் சாப்பிடுகிறவருக்கு அதுகூடப் பொருந்திப் போகலாம். கையால் பிசைந்து சாப்பிடுகிறவருக்குத் தட்டு முழங்கையைவிடச் சற்றே மேலே இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் தோளைத் தூக்கிக்கொண்டு பிசைய வேண்டும், ரசம் முழங்கை வரைக்கும் வழியும். கடை மேசையைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஆயத்த ரவிக்கை யாருக்கும் சரியாக உட்காராது என்று 40 வருடமாகச் சொல்லிவரும் ஒருவருக்கு ஆயத்த மேசையை வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அளவுகள் ஒன்றோடொன்று சண்டையிட்டன. தரையிலிருந்து அவருடைய முழங்கால் மடிப்பு 14½ இஞ்சு; அந்தக் கணக்குப்படி இருக்கை அவ்வளவு தாழ்வாக இருந்தால்தான் பாதம் தரையில் படியும். ஆனால் மூட்டு வலி உள்ளவருக்குத் தாழ்ந்த இருக்கை எதிரி. எழும்போது முழு எடையும் முழங்காலில் இறங்கும். கொஞ்சம் உயர்ந்த இருக்கையிலிருந்து எழுவதுதான் எளிது. ஆகவே இருக்கை 17 இஞ்சு என்று வைத்துக்கொண்டு, மேசையின் அடியிலேயே, தரைக்கு 2½ இஞ்சு மேலே, கால் வைத்துக்கொள்ள அகலமான ஒரு குறுக்குப் பலகை ஓடட்டும் என்று தீர்மானித்தேன். மேசையின் உயரம் 27 இஞ்சு. மேல் பலகை 1 இஞ்சு, அதன்கீழ் சுற்றிவரும் சட்டம் 3 இஞ்சு. மிச்சத்தில் இருக்கையைக் கழித்தால் தொடைக்கு 6 இஞ்சு இடம் கிடைக்கும். அத்தையின் தொடை 5 இஞ்சு. "ஒரு இஞ்சு லூஸ். போதும்" என்று அவரே ஒப்புதல் கொடுத்தார். நீளம் நாலடி, அகலம் இரண்டரை அடி. அந்த அறையில் அதற்கு மேல் போட்டால் தையல் இயந்திரத்தை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

மரம் வாங்கும் கதை சுருக்கமானது. என் தம்பி, தண்ணீர் தாங்கும் 710 தர பிளைவுட்டில் மைக்கா ஒட்டி ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றான். அது தப்பான யோசனையும் இல்லை. எனக்கு இழைக்க மரம் வேண்டும் என்பதைத் தவிர அதை மறுக்க என்னிடம் காரணம் கிடையாது. குடகுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மலிவு, பார்க்கவும் அழகு. ஆனாலும் இதற்கு முன் அதில் வேலை செய்ததில்லை என்று விட்டுவிட்டேன். மைசூர் ரோட்டு மரக்கடைகளில் புதுத் தேக்கின் விலையைக் கேட்டுத் திரும்பி, கடைசியில் கண்டோன்மென்ட் பக்கம் இடித்த ஒரு பழைய வீட்டின் தேக்கு விட்டங்களையும் கதவுப் பலகைகளையும் போட்டு வைத்திருந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

மரத்துக்குக் கணக்கு கன அடியில். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் இஞ்சிலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். நாலேகால் அடி நீளம், ஆறரை இஞ்சு அகலம், ஒன்றேகால் இஞ்சு கனம் உள்ள ஒரு பலகை ஏறக்குறைய கால் கன அடி. மேசைக்கு அப்படி ஐந்து பலகைகள், மூன்றுக்கு மூன்றில் நான்கு கால்கள், சட்டங்கள், கால் வைக்கும் பலகை என்று எல்லாம் கூட்டினால் இரண்டரை கன அடி வந்தது. வெடிப்பு, ஆணி ஓட்டை, இழைப்பில் போகும் கழிவு என்று மூன்றேகால் வாங்கினேன். தேக்கு ஒரு கன அடி 18 கிலோவுக்குக் குறையாது. அன்று மாலை லக்கேஜ் ஆட்டோவில் அறுபது கிலோ பழைய வீடு என்னோடு வந்தது.

வேலை நடந்தது கம்மனஹள்ளிக்குப் பின்னால் ஒரு பட்டறையில். அதன் மேஸ்திரி கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து இளம் வயதில் பெங்களூருக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மூலையையும் ஒரு பணிமேசையையும் எனக்கு வாடகைக்கு விடுகிறார். அவரிடம் வேலை செய்யும் இளைஞர்கள் இருவரும் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். அவர் இழைப்புளி என்பதை அவர்கள் ரந்தா என்கிறார்கள், அவர் மூலைமட்டம் என்பதை அவர்கள் குனியா என்கிறார்கள். இரண்டு பெயர்களுக்கும் இப்போது என் கை நீளும். வாங்கி வந்தது தேக்குதானா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. மல்லேசுவரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மைசூர் சமஸ்தானக் காலத்தில் 1938-இல் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கி 1988-இல் இன்றைய பெயரைப் பெற்ற இடம். ஒரு துண்டைக் கொடுத்தால் இன்ன மரம் என்று சொல்லிவிடுவார்கள். அங்கே போய்வரட்டுமா என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு விட்டத்தின் முனையை இழைப்புளியால் இரண்டு தள்ளு தள்ளி, சுருளைக் கையில் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். பழைய தோல் பையைத் திறந்தாற்போன்ற வாசனை, விரலில் மெழுகு தடவிய வழவழப்பு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மேசைக்கு முந்தைய ஆண்டு நான் செய்த ஒரு முக்காலியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதுவும் பழைய தேக்குதான். மூன்று பலகைகளை ஒட்டி மேல்பகுதி செய்து, அது வளையாமல் இருக்கட்டும் என்று அடியில் குறுக்காக இரண்டு சட்டங்களை வைத்து, பசையும் தடவி, ஆறு திருகாணிகளையும் இறுக்கினேன். ஆகஸ்டில் செய்தது மார்ச்சில் வெடித்தது. இரவு பதினொரு மணிக்கு, யாரோ விரலைச் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் நடுப் பலகையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, அஞ்சலட்டையை நுழைக்கலாம் போல ஒரு பிளவு.

காரணம் எளிமையானது, எளிமையானது என்பதால்தான் எல்லோரும் அதில் ஒருமுறையாவது விழுகிறோம். மரம் வெட்டப்பட்டு நூறு ஆண்டானாலும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். வேடிக்கை என்னவென்றால், ரேகை ஓடும் திசையில், அதாவது நீளவாட்டில், அது அசைவது இல்லையென்றே சொல்லலாம், அசைவெல்லாம் அகலத்தில். அதிலும் ஆண்டு வளையங்களைத் தொட்டுக்கொண்டு போகும் திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெங்களூரின் மார்ச் மாதப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மழைக்காலக் காலைகளில் 80-ஐத் தாண்டும். மரங்களிலேயே குறைவாக அசைவது என்று பெயர் வாங்கிய தேக்குகூட, இரண்டரை அடி அகலப் பலகையில், கோடைக்கும் மழைக்கும் இடையே கால் இஞ்சு வரை கூடிக் குறையும். நான் குறுக்கே வைத்து இறுக்கிய சட்டம் அசையவில்லை. பலகை அசைய வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் கிழிந்தது. பழைய மரம் செத்த மரம், அது அசையாது என்று மரக்கடைகளில் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

இதையெல்லாம் அத்தையிடம் விளக்க நான் ஒரு காகிதத்தில் வளையங்களும் அம்புக்குறிகளும் வரைந்துகொண்டு போனேன். அவர் முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, திருகாணிகளை ஒரு பார்வை பார்த்தார். "லூஸ் விடாம தைச்சிருக்க. மூச்சு விட்டா கிழியாம என்ன செய்யும்?" என்றார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மேசையின் கால்களையும் சுற்றுச் சட்டங்களையும் இணைப்பதற்கு ஆணியோ திருகோ கிடையாது. காலில் நீள்சதுரமாக ஒரு துளை வெட்டி, சட்டத்தின் முனையை அந்தத் துளைக்குள் நுழையும் நாக்காகச் செதுக்கிப் பொருத்துவது. மார்ட்டைஸ் டெனன் என்று கடைகளில் கேட்டாலும் புரியும். கால்களுக்கும் சட்டங்களுக்கும் எட்டு, கால் வைக்கும் பலகையின் ஏற்பாட்டுக்கு ஆறு என்று மொத்தம் பதினான்கு துளைகள். துளையின் அகலம் உளியின் அகலம்தான். அதனால் உளி ஒருமுறை நேராக இறங்கிவிட்டால் பக்கச் சுவர்கள் தாமாகவே நேராக வரும். கொட்டாப்புளியால் அடிக்க அடிக்க, சத்தம் மாறுவதைக் கேட்டே ஆழத்தைச் சொல்லிவிடலாம் என்றார் மேஸ்திரி. எனக்கு அது இன்னும் கேட்கவில்லை; ஸ்கேலை விட்டுத்தான் பார்க்கிறேன்.

நாக்கு சரியாக இருக்கிறதா என்பதற்கு அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். கையால் அழுத்தினால் பாதி வரை போக வேண்டும், மீதிப் பாதிக்குக் கொட்டாப்புளி வேண்டும். முழுவதும் கையால் போனால் தொளதொளப்பு. தொடக்கத்திலேயே அடிக்க வேண்டியிருந்தால் கால் பிளந்துகொள்ளும். முதல் நாக்கைச் சரிசெய்ய எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நாக்கின் பக்கவாட்டில் ஒரு சீவு, நுழைத்துப் பார்ப்பது, எங்கே உரசி மினுங்குகிறது என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது, அங்கே மட்டும் இன்னொரு சீவு. எட்டாவது நாக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. அந்தப் பெருமிதத்தில்தான் தவறும் நடந்தது. மூன்றாவது காலில் துளையைத் தவறான பக்கத்தில் வெட்டிவிட்டேன். உள்பக்கம் வர வேண்டிய துளை, அறைக்குள் நுழைகிற எவர் கண்ணிலும் படும்படி வெளிப்பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நான்கு கால்களையும் ஒன்றாக நிறுத்தி, தலையில் சேர்த்து ஒரு முக்கோணம் வரைந்துவிட்டால் எது எந்தப் பக்கம் என்பது குழம்பாது என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லியிருந்தார். நான் பென்சிலால் லேசாக வரைந்திருந்தேன். இழைத்தபோது அது சுருளோடு போய்விட்டது.

வேறு கால் செய்ய விட்டத்தில் மிச்சமில்லை. அதே விட்டத்தின் கழிவுத் துண்டில் ரேகை ஒத்துவரும் இடமாகத் தேடிப்பிடித்து, துளைக்குச் சரியாக ஒரு அடைப்பு செதுக்கி ஒட்டி, காய்ந்த பின் இழைத்துவிட்டேன். இரண்டடி தள்ளி நின்றால் தெரியவில்லை. சுவரோரமாக வரும் பின்கால் அதுவே என்று முடிவு செய்துகொண்டேன்.

மேல் பலகைகளை இழைத்த மூன்று ஞாயிறுகள்தான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்தவை. பட்டறையில் மின் இழைப்பு இயந்திரம் இருக்கிறது. ஆனால் பழைய மரத்தை அதில் விட மேஸ்திரி சம்மதிக்கமாட்டார். உள்ளே ஒடிந்த ஆணி ஒன்று இருந்தாலும் கத்திகள் பாழாகும். காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொரு பலகையாகத் தடவினோம். அது எங்கே இழுபடுகிறதோ அங்கே சுண்ணக் கட்டியால் வட்டம். பதினேழு ஆணிகளைப் பிடுங்கினேன். காந்தத்துக்கும் தப்பிய பதினெட்டாவது, என் இழைப்புளியின் அலகில் அரிசி மணியளவு ஒரு பல்லை உண்டாக்கியது. தேக்கு ஏற்கெனவே அலகின் கூரைத் தின்னும் மரம். அதன் உடம்பிலேயே மணலைப்போன்ற சிலிக்கா இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லுக்குப் போக வேண்டும். போய்வந்த பிறகு வருகிற முதல் பத்துத் தள்ளுகளுக்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறோம் என்று நினைக்கிறேன். நூறாண்டு வண்ணப் பூச்சும் கரியும் அழுக்கும் கோடுகோடாக விலக, அடியிலிருந்து முதலில் பச்சையும் பழுப்பும் கலந்த திட்டுகளாக மரம் வெளிவருகிறது. வெளிச்சம் பட்ட சில நாட்களில் அந்தத் திட்டுகள் அடங்கி, எல்லாம் ஒரே தேன் நிறத்துக்கு வந்துவிடுகின்றன. அலகின் வாயிலிருந்து வருகிற சுருள், பூப்போட்ட மெல்லிய நாடாவைப்போல் முழு நாலடிக்கும் அறாமல் வந்து, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு கீழே விழும். அதில் ஒன்றை எடுத்து அத்தைக்குக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வாயில் துணி மாதிரி இருக்கே" என்றார். இருந்தது.

ஆணி இருந்த இடங்களில் கறுப்பு வளையங்கள் தங்கிவிட்டன. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாகும் கறை அது. ஆழமாக இறங்கியிருப்பதால் இழைத்தாலும் போகாது. அதில் ஒன்று மேசையின் மேற்பரப்பில், சரியாக அத்தை உட்காரும் இடத்துக்கு நேராக அமைந்தது. பலகையைத் திருப்பிப் போட்டு மறைத்திருக்கலாம். மறுபக்கம் பெரிய கணு ஒன்று இருந்ததால் விட்டுவிட்டேன்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. பசை ஒட்டுவதற்கு அது தடை. ஒட்டும் விளிம்புகளை அன்றைக்கே இழைத்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே ஃபெவிகாலைத் தடவ வேண்டும். தடவியபின் பத்து நிமிடத்துக்குள் ஐந்து பலகைகளையும் சேர்த்து, மேலும் கீழுமாக ஆறு கிளாம்ப்களை இறுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் பட்டறையில் மூன்று மொழிகளிலும் வசவு பறந்தது.

இனி லூஸ் விடும் இடம். மேல் பலகையைச் சுற்றுச் சட்டத்தோடு பிடித்து வைக்க வேண்டும், ஆனால் அது அகலவாட்டில் நகரவும் வேண்டும். இதற்குத் தச்சர்கள் கண்ட வழி மிகப் பழையது. கட்டைவிரலளவில் படிபோல் வெட்டிய சிறு மரத்துண்டுகள். அவற்றின் ஒரு பக்கம் பலகையின் அடியில் திருகாணியால் பிடிக்கும், மறுபக்கத்து நாக்கு சட்டத்தின் உள்பக்கம் வெட்டிய பள்ளத்துக்குள் நுழைந்து நிற்கும். பலகை விரியும்போது நாக்கு பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் வழுக்கும். பலகை மேலே தூக்கிக்கொள்ளாது, கிழியவும் கிழியாது. இந்தத் துண்டுகளுக்கு மரவேலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பட்டன். நான் இதைச் சொன்னதும் அத்தை முதன்முறையாக வேலையில் உண்மையான அக்கறை காட்டினார். எத்தனை பட்டன் என்று கேட்டார். எட்டு என்றேன். "காஜா பெரிசா எடுத்திருக்கியா, நெருக்கமா எடுத்திருக்கியா?" என்றார். பள்ளத்தில் இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் இடம் விட்டிருப்பதாகச் சொன்னேன். இஞ்சில் எட்டில் ஒரு பங்கைத் தச்சரும் நூல் என்கிறார், தையற்காரரும் நூல் என்கிறார். "ரெண்டா விடு" என்றார் அத்தை. நான் ஈரப்பதக் கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தேன். இருந்தாலும் போய் இரண்டாக விட்டேன்.

மெருகைப் பற்றிப் பட்டறையில் ஒரு வாரம் வாதம் நடந்தது. பி.யு. என்கிற பாலியூரித்தேன் பூச்சு அடித்தால் கண்ணாடிபோல் இருக்கும் என்றார்கள் இளைஞர்கள். அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷ் மேஸ்திரியின் கைவந்த கலை. அதன் அழகுக்கு ஈடில்லை, ஆனால் சூடான பாத்திரம் பட்டால் வெள்ளை வளையம் விழும். அத்தை சாம்பார்க் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கி நேராகக் கொண்டுவந்து வைப்பவர். பாத்திரத்துக்கு அடியில் மணை வையுங்கள் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. பி.யு.வில் கீறல் விழுந்தால் சரிசெய்ய ஆள் வர வேண்டும். ஆகவே ஆளிவிதை எண்ணெய் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். 80-இல் தொடங்கி 240 வரை உப்புத்தாள் தேய்த்து, துணியால் எண்ணெய் ஏற்றி, மிச்சத்தை வழித்துத் துடைத்து, ஒரு வாரம் விட்டு அடுத்த பூச்சு; இப்படி ஐந்து. கறையோ கீறலோ விழுந்தால் அவரே ஒரு துணியில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது என்பதை மட்டும் இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணியில் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நாங்கள் கொடியில் விரித்துக் காயப்போட்டோம்.

அத்தை வீட்டு வாசல் இரண்டரை அடி. மேல் பலகையும் இரண்டரை அடி. எட்டு பட்டன்களையும் கழற்றி, கால்கூட்டைத் தனியாக, பலகையைத் தனியாகச் சாய்த்து உள்ளே கொண்டுபோய், தரையில் படுத்துக்கொண்டு மீண்டும் பூட்டினேன். அவர் தன் உயர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலை அடிப்பலகையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். உள்ளங்கையால் மேற்பரப்பைத் துணியை நீவுவதுபோல் ஒருமுறை நீவினார். கறுப்பு வளையத்தின்மேல் விரல் நின்றது. "திருஷ்டிப் பொட்டு நீயே வச்சிட்டியா?" என்றார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்து, சுவரோரத்துப் பின்காலருகே குனிந்து, "இங்க ஒட்டுப் போட்டிருக்கியே, எதுக்கு?" என்று கேட்டார். பட்டறையில் மூன்று பேர் பார்த்தும் கண்டுபிடிக்காத ஒட்டு அது.

அது ஜூன் மாதம். நினைத்ததுபோலவே மேசையில் மஞ்சள் விழுந்தது. மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது என்பதால், அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்க்கும்படி மேசையைத் திருப்பிப் போட்டார். ஒரு மாதத்தில் வெளுத்துவிட்டது. எண்ணெயை ஒருமுறைகூட அவர் தேய்க்கவில்லை. நான் போகும்போது நான்தான் தேய்க்கிறேன். உண்ணும் மேசையில் துணி வெட்டுவதில்லை என்று முதல் நாளே விதி போட்டவர், மூன்றாம் மாதம் அதை மீறினார். துணியில் குறி பதிக்கும் ட்ரேசிங் வீல் உருண்ட ஒரு கைவளைவு புள்ளி புள்ளியாக மரத்தில் பதிந்திருக்கிறது. 36 அளவு என்று எனக்கே தெரிகிறது.

போன மார்ச்சில் நான் போயிருந்தபோது, வாடிக்கையாளர்களின் அளவுகளை எழுதி வைக்கும் நீள நோட்டை எடுத்து என் முன் திறந்து போட்டார். இடது பக்கம் யாரோ ஒரு அம்மாளின் தோள், கழுத்து, கை. வலது பக்கத்தின் தலைப்பில் 'மேசை' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. ஜூலை, அகலம் 30 இஞ்சு 1 நூல். அக்டோபர், 30. ஜனவரி, 30-க்கு அரை நூல் கம்மி. மார்ச், 29 இஞ்சு 7 நூல். நீளத்துக்கு ஒரே ஒரு முறைதான் எழுதியிருந்தார். அதன் எதிரே 'மாறல' என்று இருந்தது. நான் டேப்பை வாங்கி அகலத்தை அளந்து பார்த்தேன். 29 இஞ்சு 7 நூல். படுத்துக்கொண்டு அடியிலும் பார்த்தேன். ஒரு பக்கத்துப் பட்டன்களின் நாக்குகள் பள்ளத்தில் ஒரு நூல் நகர்ந்திருந்தன, இன்னும் ஒரு நூல் இடம் இருந்தது. நெருக்கமாக எடுத்திருந்தால் முட்டியிருக்கும்.

பக்கத்தின் அடியில், பணம் தர வேண்டியவர்களுக்கு எழுதும் அதே இடத்தில், அதே பச்சை மையில் ஒரு வரி எழுதியிருந்தார். பாக்கி: வெடிச்ச முக்காலிக்குப் பதிலா ஒண்ணு.